பதவியில் ஒரு சொல், எதிரணியில் ஒரு சொல்

ஒரு தேசத்தில் அடுத்தடுத்து வாழும் இரு சமூகத்தார் ஒருவரையொருவர் சத்துருக்களாகப் பாவிக்கும் நிலை நேர்ந்துவிட்டால், அதன் மூலகாரணத்தை மிகப் பழைய காலத்தில் தேடிச் செல்வது அரசியல்வாதிகளுக்கும் சரித்திரம் எழுதுவோருக்கும் ஒருங்கே வழக்கமாகிவிட்டது. இலங்கையில் சிங்களருக்கும் தமிழருக்கும் இடையே மூண்டு, 26 ஆண்டு யுத்தமாக நீண்டு, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எண்ணற்ற உயிர்களைப் பலிகொண்டு முடிந்த விரோதத்தைப் பற்றிப் பேசுவோரும், தமிழ் மன்னன் எல்லாளன்மீது சிங்கள மன்னன் துட்டகைமுனு படையெடுத்த கதையிலிருந்தே பெரும்பாலும் ஆரம்பிக்கிறார்கள். அதே கதையைச் சொல்லும் மகாவம்சம், வென்ற அரசன் தோற்ற அரசனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி, அதற்கு மரியாதை செய்யும்படி குடிகளுக்கு ஆணையிட்டான் என்றும் சொல்கிறது. அதை நினைவூட்டுவோர் குறைவு. இரண்டாயிரம் ஆண்டுப் பகை என்று சொல்லிவிட்டால் இன்றைக்கு யாரும் பொறுப்பாளி இல்லை என்றாகிவிடுகிறது. இந்தப் பகை நம்முடைய பாட்டனார் காலத்தில், தேதியும் இடமும் குறித்துச் சொல்லக்கூடிய சில செய்கைகளால், பெயர் சொல்லக்கூடிய சில பெரிய மனிதர்களால் வளர்க்கப்பட்டது என்பதே என் துணிபு. அவர்களில் முக்கியமானவர்கள் மற்றச் சமூகத்தை மனமார வெறுத்தவர்கள் அல்லர், நியாயம் இன்னதென்று தெளிவாக அறிந்திருந்தவர்கள் என்பது அதைவிடத் துயரமான உண்மை.

முதலில், 1956-ல் பிரதமரான பண்டாரநாயகாவை எடுத்துக்கொள்வோம். ஸாலமன் வெஸ்ட் ரிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயகா, அக்காலத்து ஆங்கிலக் கவர்னரின் பெயரைத் தம் பெயரிலேயே தாங்கி, கிறிஸ்தவச் சீமான் குடும்பத்தில் 1899-ல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் கல்வி பயின்று, விவாத மேடைகளில் புகழ் பெற்று, தாய்மொழியில் சரளமாகப் பேச இயலாதவராகவே 1925-ல் தாயகம் திரும்பியவர். திரும்பிய மறு வருஷமே அவர் பத்திரிகையில் தொடர்ந்து எழுதியும் யாழ்ப்பாணத்திலேயே பிரசங்கம் செய்தும் வற்புறுத்திய கருத்து என்ன? கண்டிச் சிங்களரும் கரையோரச் சிங்களரும் தமிழரும் வெவ்வேறு இயல்பினராக வாழும் இந்தத் தீவுக்கு, சமஷ்டி ஆட்சி ஒன்றே பொருந்தும் என்பதுதான். தமிழரசுக் கட்சி என்ற பெயரே பிறப்பதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பாக, தமிழருக்காக ஒருவரும் கேட்காத காலத்தில், சமஷ்டியைச் சிபாரிசு செய்தவர் ஒரு சிங்களத் தலைவர். பின்னர் உள்ளூராட்சி மந்திரியாக இருந்த காலத்திலும் மாகாண சபைகள் வேண்டுமென்று அவர் யோசனை கூறியதுண்டு. ஆகையால் 1956-ல் அவர் ஏந்திய சிங்களம் மட்டும் என்ற கொடி, அறியாமையால் ஏந்திய கொடி என்று யாரும் சொல்வதற்கில்லை.

இங்கே ஒரு நியாயத்தை மறைத்துவிட்டுப் பேசுவது தர்மமாகாது. சிங்களக் கிராமத்து மக்களுக்கு உண்மையான குறை ஒன்று இருந்தது. சுதந்திரம் கிடைத்தும், ராஜாங்கக் காரியங்கள் யாவும் ஆங்கிலத்திலேயே நடந்தன. நீதிமன்றத்தில் தன்மேல் சாட்டப்பட்ட குற்றத்தைத் தன் பாஷையில் கேட்க முடியாமல் நின்றான் விவசாயி. சிங்களப் பாடசாலையில் படித்து உபாத்தியாயரானவர் எவ்வளவு புலமை உடையவராயினும் ஆங்கிலப் பாடசாலை ஆசிரியரின் சம்பளத்தையும் மதிப்பையும் கனவிலும் எட்ட இயலவில்லை. ஆயுர்வேத வைத்தியருக்கும் அதே கதி. ஆங்கிலம் அறிந்த மிகச் சிறு கூட்டம் ஒன்று, சிங்களரும் தமிழரும் பறங்கியரும் கலந்த கூட்டம், மிஷன் பள்ளிகளின் வழியாக உத்தியோகங்களைப் பெற்றிருந்தது. மிஷனரிமார் அமெரிக்காவிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் நல்ல ஆங்கிலப் பள்ளிகளை நிறுவியிருந்ததனாலும், வறண்ட நிலத்தில் உத்தியோகத்தைத் தவிர வேறு பிழைப்பு அரிதாக இருந்ததனாலும், தமிழர் அக்கூட்டத்தில் தங்கள் ஜனத்தொகைக்கு மிஞ்சிய பங்கைப் பெற்றிருந்தார்கள். இந்தக் குறைக்குப் பரிகாரமாக எழுந்த கோரிக்கைக்குச் சுயபாஷை இயக்கம் என்று பெயர். அது ஆங்கிலத்தின் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்தது, சிங்களமும் தமிழும் சேர்ந்தே அரியணை ஏற வேண்டுமென்று கேட்டது. 1943-ல் அரசாங்க சபையில் சிங்களத்தை ராஜாங்க பாஷையாக்கத் தீர்மானம் கொண்டுவந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா, மறு வருஷம் தமிழையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். திருத்திய அந்தத் தீர்மானம் பெருவாரியான வாக்குகளால் நிறைவேறியது. பண்டாரநாயகாவும் அதை ஆதரித்தார். யாழ்ப்பாணத்து ஏழைத் தமிழ் வாத்தியாருக்கும் மாத்தறையின் ஏழைச் சிங்கள வாத்தியாருக்கும் அந்தக் குறை பொதுவானது. மேலே இருந்தோருக்கு எதிராக இருவரும் சேர்ந்து நின்றிருக்கக்கூடிய அந்தக் கோபத்தை, பக்கத்தில் இருந்தோர்மேல் திருப்பிவிட்டதே பின்வந்த தலைவர்கள் செய்த காரியம்.

திருப்பிவிட்டதற்குக் காரணம் தேர்தல் கணக்கு. 1948-லும் 1949-லும் இயற்றப்பட்ட பிரஜாவுரிமை, தேர்தல் சட்டங்களால் மலைநாட்டுத் தோட்டத் தமிழர் பல லட்சம் பேர் வாக்குரிமை இழந்தார்கள். ஆனால் தொகுதிகளின் எண்ணிக்கை ஜனத்தொகையைக் கொண்டே வகுக்கப்பட்டதனால், வாக்கில்லாத அவர்களுடைய தலைகளும் எண்ணப்பட்டு, அந்த இடங்கள் சிங்கள வாக்காளரைச் சேர்ந்தன. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் தங்கள் கட்சிகளுக்கே வாக்களித்தார்கள். ஆகவே ராஜ்யத்தை ஆள விரும்பிய இரு பெரிய சிங்களக் கட்சிகளும் ஒரே சிங்களக் கிராமத்து வாசலில், ஒரே வாக்காளரிடம் கையேந்தி நிற்க நேர்ந்தது. தமிழருக்குச் சினமூட்டுவதால் இழப்பதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. தமிழருக்கு விட்டுக்கொடுப்பதாக எதிரியைக் குற்றம் சாட்டினால் பெறுவதற்கோ ஏராளம் இருந்தது. ஏலக்கடையில் விலை ஏறுவதுபோல, ஒருவர் கூறியதற்கு மேல் ஒருவர் கூறினார். 1951-ல் ஐக்கிய தேசியக் கட்சியைவிட்டு வெளியேறி ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கிய பண்டாரநாயகாவின் ஆதிக் கொள்கை சிங்களமும் தமிழும் என்பதே. 1954-ல் பிரதமர் கொத்தலாவல யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு வந்தபோது இரு பாஷைகளுக்கும் சம அந்தஸ்து அளிப்பதாக வாக்குறுதி கொடுத்தார். தெற்கே எழுந்த கூச்சலைக் கண்ட பண்டாரநாயகா, தம் பழைய கொள்கையைக் கைவிட்டுச் சிங்களம் மட்டும் என்றார். அதைக் கண்டு கலங்கிய ஐக்கிய தேசியக் கட்சி, 1956 பெப்ரவரியில் களனியில் கூடி, தன் பிரதமர் கொடுத்த வாக்கையும் தன் தமிழ் உறுப்பினர்களையும் உதறிவிட்டுத் தானும் சிங்களம் மட்டும் என்றது. கடைசியாகச் சொன்னவர்களை ஜனங்கள் நம்பவில்லை. இருபத்து நான்கு மணி நேரத்தில் சிங்களத்தை அரியணையேற்றுவேன் என்று முழங்கிய பண்டாரநாயகாவின் முன்னணி, 95 இடங்களில் 51 இடங்களைப் பெற்றது. ஆண்ட கட்சிக்கு மிஞ்சியவை 8.

1956 ஜூன் 5-ம் தேதி ஆட்சிமொழி மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. தமிழுக்கும் சில காரியங்களில் நியாயமான இடம் அளிக்கும் பிரிவுகளைப் பண்டாரநாயகா முதலில் சேர்க்கக் கருதியிருந்தார்; பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் பாராளுமன்றத்தின் அருகே உண்ணாவிரதம் கிடந்தார்; பிரிவுகள் மறைந்தன. அன்று காலிமுகத் திடலில் அகிம்சை முறையில் அமர்ந்திருந்த, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தின் தொண்டர்களைக் குண்டர் கூட்டம் தாக்கியது. சில நாட்களில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் கொலைகள் நிகழ்ந்தன. மசோதாவை எதிர்த்துப் பேசிய இடதுசாரிச் சமசமாஜக் கட்சித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு பாஷை என்றால் தேசம் இரண்டாகும், இரு பாஷை என்றால் தேசம் ஒன்றாயிருக்கும் என்ற கருத்துப்பட எச்சரித்தார். தமிழர் மனத்தில் அந்த எச்சரிக்கை இன்றளவும் நிற்கிறது. அவரைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏறிய குதிரையிலிருந்து இறங்க வேண்டும் என்பதைப் பண்டாரநாயகா ஓராண்டுக்குள்ளேயே உணர்ந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1957 ஜூலை 26-ம் தேதி அவரும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம், சமஷ்டியையும் தரவில்லை, சிங்களச் சட்டத்தையும் நீக்கவில்லை. பிராந்திய சபைகள், வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில் நடத்தல், குடியேற்றத்தில் காணி பெறுவோரைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் அந்தச் சபைகளுக்கு, இவ்வளவுதான் அதன் சாரம். செல்வநாயகம் தம் தொண்டரிடையே இருந்த அதிருப்தியைத் தாங்கிக்கொண்டு இதை ஏற்றார். இலங்கையின் சரித்திரம் வேறு வழியில் திரும்பியிருக்கக்கூடிய நாள் ஒன்று உண்டென்றால், அது இந்த நாள்தான்.

திரும்பவிடாமல் செய்தவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். 1944-ல் தமிழைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்த அதே ஜயவர்த்தனா, தேர்தலில் தோற்று வெளியே நின்ற ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில், 1957 அக்டோபரில் கொழும்பிலிருந்து கண்டிக்குத் தலதா மாளிகையை நோக்கிப் பாதயாத்திரை தொடங்கினார். நாடு தமிழருக்கு விற்கப்பட்டது என்பதே அந்த யாத்திரையின் செய்தி. இம்புல்கொடையில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் கூட்டத்துடன் வழிமறித்ததால் யாத்திரை கண்டியை அடையவில்லை. ஆனால் அடைய வேண்டிய காரியத்தை அடைந்தது. ஒப்பந்தத்தை ஆதரித்தால் சிங்கள மக்களுக்குத் துரோகி என்ற பெயர் கிட்டும் என்பது ஆளுங்கட்சியின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் புரிந்துவிட்டது. 1958-ன் தொடக்கத்தில் வாகனங்களின் இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் பொறித்து ராஜாங்கம் வடக்கே அனுப்ப, தமிழர் அதன்மேல் தார் பூசினார்கள். தெற்கே தமிழ்ப் பெயர்ப் பலகைகளின்மேல் தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9-ம் தேதி பிக்ஷுக்கள் திரண்டு சென்று, கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் பிரதமருடைய வீட்டின் முன் அமர்ந்தார்கள். அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். வாய்மொழி போதாதென்று அவர்கள் சொல்ல, எழுத்திலும் கொடுத்தார்.

ஒரு பிரதமர் தம் கையெழுத்தைத் தாமே அழிக்கக் கண்ட தேசத்தில் அடுத்த மாதம் கலவரம் மூண்டது ஆச்சரியமன்று. 1958 மே 22-ம் தேதி பொலன்னறுவையில் ரயிலில் தமிழரைத் தேடித் தாக்கத் தொடங்கிய வெறி, நான்கு நாளில் தீவெங்கும் பரவிற்று. 26-ம் தேதி பிரதமர் வானொலியில் பேசினார். தந்தையைப்போல் கண்டிக்க வேண்டிய அந்த நேரத்தில், மட்டக்களப்புப் பகுதியில் கொல்லப்பட்ட ஒரு சிங்களவரின் பெயரை மட்டும் எடுத்துச் சொல்லி, குழப்பங்களுக்கு அந்த மரணமே காரணம் என்று கேட்போர் எண்ணும்படி பேசினார். கலவரமோ அந்தக் கொலைக்கு முன்பே தொடங்கியிருந்தது. அந்தப் பேச்சுக்குப் பின் வெறி தணியவில்லை, பெருகிற்று. மறுநாள் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்ய வேண்டியதாயிற்று. தென்னிலங்கைத் தமிழர் பல்லாயிரவர் அகதி முகாமில் புகுந்து, கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 1983 ஜூலையில் கொழும்புத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்தபோது, அப்போது ஜனாதிபதியாயிருந்த ஜயவர்த்தனா, கலவரம் தொடங்கி நான்கு நாள் வரை தேசத்தை நோக்கி வாய் திறக்கவில்லை; 28-ம் தேதி தொலைக்காட்சியில் தோன்றியபோது, இறந்த தமிழருக்காகவும் வீடிழந்த தமிழருக்காகவும் அனுதாப வார்த்தை ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை; பிரிவினை கேட்போரைத் தடுக்கும் சட்டத்தைப் பற்றியும் சிங்கள மக்களின் மனக்கொதிப்பைப் பற்றியுமே பேசினார். தலைவர்கள் கத்தி எடுப்பதில்லை, தீ வைப்பதில்லை என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தீ பற்றிய இரவில் எந்தச் சமூகத்தின் துயரம் தேசத்தின் துயரம், எந்தச் சமூகத்தின் துயரம் அதன் சொந்தத் துயரம் என்று வரையறுத்துச் சொல்லும் அதிகாரம் தலைவருடைய நாவுக்கு இருக்கிறது. அவ்விரு உரைகளையும் கேட்ட தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள், இந்த ராஜ்யம் நமதன்று என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது. 1983-க்குப் பின் ஆயுதம் தாங்கிய இயக்கங்களைத் தேடிச் சென்ற இளைஞர் கூட்டம் சொல்லும்.

பண்டாரநாயகா 1959 செப்டம்பரில் ஒரு பிக்ஷுவின் துப்பாக்கியால் மாண்டார். ஒப்பந்தத்துக்காகவே கொல்லப்பட்டார் என்று சிலர் எழுதுவது சரியன்று. சதிக்குத் தலைமை வகித்ததாகத் தண்டிக்கப்பட்ட களனி விகாரையின் அதிபதிக்கு, வியாபார ஒப்பந்தங்கள் கைகூடாத மனத்தாங்கலே பிரதானமாக இருந்தது. ஆயினும் தம்மை அரியணையேற்றிய சக்தி தம் கட்டளைக்கு அடங்காது என்பதை அவர் தம் உயிரால் அறிந்தார் என்று சொல்வதில் தவறில்லை.

இதற்குப் பின் நடந்தவை யாவும் அதே நாடகத்தை வேடம் மாற்றி ஆடியவை. 1965-ல் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயகா, தமிழரசுக் கட்சியின் துணையோடு ஆட்சி அமைக்கச் செல்வநாயகத்துடன் உடன்பாடு செய்தார். தமிழில் நிர்வாகம் நடத்த இடங்கொடுக்கும் விசேஷ ஏற்பாடுகள் சட்டம் 1958-லேயே பண்டாரநாயகாவின் அரசாங்கத்தால் நிறைவேற்றப்பட்டு, விதிகள் இயற்றப்படாமல் ஏழு ஆண்டுகளுக்கு மேலாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குரிய விதிகளை 1966 ஜனவரியில் டட்லி கொண்டுவந்தபோது, எதிர்த்து ஊர்வலம் நடத்திய கட்சி எது? அந்தச் சட்டத்தை இயற்றிய பண்டாரநாயகாவின் கட்சிதான். அதனுடன் சேர்ந்து நடந்தவர்கள், 1956-ல் இரு பாஷைகளுக்காகத் துணிந்து நின்ற சமசமாஜரும் கம்யூனிஸ்டுகளும். அன்றைய குழப்பத்தில் போலீஸாரின் துப்பாக்கிக்கு ஒரு பிக்ஷு பலியானார். 1968-ல் மாவட்ட சபை யோசனையும் எதிர்ப்புக்கு அஞ்சிக் கைவிடப்பட, தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை விட்டு விலகியது. 1956-ல் எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாவோ, அரசியல் அமைப்பு மந்திரியாகி, 1972-ன் புதிய சாசனத்தை வகுத்தளித்தார். சிங்கள ஆட்சிமொழி அதில் சாசன அந்தஸ்துப் பெற்றது, சிறுபான்மையோரின் காப்பாக முந்தைய சோல்பரிச் சாசனத்தில் இருந்த 29-ம் பிரிவு மறைந்தது. வெறுப்பில் ஊறியவர்களைவிட, தெரிந்தே கைவிட்ட இம்மாதிரி மனிதர்கள்மீதுதான் எனக்கு அதிக வருத்தம். அவர்கள் நின்றிருந்தால் அவர்களோடு நிற்கச் சிங்களத் தொழிலாளர் ஒரு பகுதியினர் இருந்தார்கள்.

பாதயாத்திரை போன ஜயவர்த்தனா 1987-ல், தாம் தகர்த்த ஒப்பந்தத்தைவிடப் பல மடங்கு கொடுக்கும் உடன்படிக்கையில், இந்தியாவின் நெருக்குதலுக்குப் பின், கையெழுத்திட்டார். மாகாண சபைகள் பிறந்தன, தமிழும் ஆட்சிமொழி என்று சாசனத்தில் எழுதப்பட்டது. இம்முறை எதிர்த்தெழுந்தது பண்டாரநாயகாவின் மனைவியார் தலைமை வகித்த கட்சி. அவர்களுடைய புதல்வியார் சந்திரிகா குமாரதுங்கா 1995-ல் பிராந்தியங்களுக்கு அதிகாரம் பகிரும் திட்டத்தை வெளியிட்டார். இந்த வேடமாற்றத்தை உணர்ந்த பிரிட்டிஷ் மந்திரி லியம் பாக்ஸ், 1997 ஏப்ரலில் ஜனாதிபதி சந்திரிகாவுக்கும் எதிர்க்கட்சித் தலைவர் ரணில் விக்ரமசிங்காவுக்கும் இடையே ஓர் எழுத்துமூல இணக்கத்தை உண்டாக்கினார்: ஆட்சியில் இருப்பவர் சமாதான முயற்சி செய்யும்போது எதிரணி அதைக் குலைப்பதில்லை என்பது அதன் கருத்து. நோய் இன்னதென்று கண்டறிந்து எழுதப்பட்ட ஒரே மருந்துச் சீட்டு அதுதான் என்பேன். அது நான்காண்டு நிற்கவில்லை. 2000 ஆகஸ்டில் புதிய சாசன மசோதாவைச் சந்திரிகா சபையில் வைத்தபோது, எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளைச் சபைக்குள்ளேயே கொளுத்தினார்கள். பிரதமரான ரணில் 2002-ல் தமிழீழ விடுதலைப் புலிகளோடு யுத்த நிறுத்தம் செய்தபோது, ஜனாதிபதியாயிருந்த சந்திரிகா 2003 நவம்பரில் பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று இலாகாக்களை அவரது அரசாங்கத்திடமிருந்து பறித்துக்கொண்டு, சில மாதங்களில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். ஒருவர் செய்ததை மற்றவர் செய்தார்; இருவருமே பதவியில் இருக்கும்போது சமாதானவாதிகள்.

தலைவர்கள் என்ன செய்வார்கள், ஜனங்கள் விரும்புவதைத்தானே சொல்ல முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. ஜனங்கள் எக்காலத்தும் ஒன்றையே விரும்பினார்கள் என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்லவில்லை. சமாதானம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டு 1994-ல் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்ற சந்திரிகாவுக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் வாக்களித்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் சிங்களர். டட்லியின் அரசாங்கத்தில் தமிழர் மந்திரியாக அமர்ந்திருந்த மூன்றாண்டுகளில் தேசம் இரண்டாகிவிடவில்லை. ஒரே விவசாயி, நெல்லுக்கு விலையும் பிள்ளைக்கு உத்தியோகமும் சண்டையில்லாத வாழ்வும் வேண்டுகிறான். அதே விவசாயி, உன் பாஷையையும் தர்மத்தையும் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று மதிப்புக்குரிய ஒருவர் மேடையேறிச் சொன்னால் கலங்கவும் செய்கிறான். இவ்விரு மனங்களில் எதைத் தட்டி எழுப்புவது என்பது தலைவருடைய தேர்வு. ஆளுகிறவர் ஒருவர் மட்டும் நல்ல மனத்தைத் தட்டினால் போதாது. மாற்றுத் தலைவர் மற்ற மனத்தை அதைவிட உரக்கத் தட்டுவாரானால், ஆளுகிறவருடைய கட்சிக்காரர்களே பயந்து சிதறுகிறார்கள். ஆதலால் ஒரு தேசம் பிளக்குமா, பொருந்துமா என்பதைப் பிரதமருடைய குணத்தைவிட, எதிர்க்கட்சித் தலைவருடைய குணம் அதிகமாகத் தீர்மானிக்கிறது என்று நான் கருதுகிறேன்.

தமிழர் பக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பெரும்பான்மையின் கையில் ராஜ்யமும் ராணுவமும் இருந்தன, சிறுபான்மையின் கையில் அவை இல்லை. ஆகவே இருவர் குற்றமும் சமமென்று சொல்ல மாட்டேன். ஆயினும் வேடம் மாற்றும் வித்தை இங்கும் உண்டு. 1939-ல் ஜி. ஜி. பொன்னம்பலம் நாவலப்பிட்டியில் சிங்களரின் சரித்திரப் பெருமையை இழித்துப் பேசிய பேச்சு கலகத்தை விளைவித்தது. அது பண்டாரநாயகாவின் சிங்கள மகாசபைக்கு ஆள் சேர்க்க உதவிற்று. தேர்தல் மேடையில் இணங்கிப் போகும் தமிழரையெல்லாம் துரோகி என்று அழைக்கும் பழக்கம் 1950-களில் தொடங்கி, எழுபதுகளில் வளர்ந்தது. சொல்லியவர்கள் அதை வாக்குச் சேகரிக்கும் அலங்காரமாகவே கருதியிருக்கலாம். கேட்ட இளைஞர்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலையில் கோயில் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மேடைகளில் வீராவேசமாகப் பேசிய தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கத்தையும் அதே தீர்ப்பு 1989-ல் கொழும்பில் தேடி வந்தது. டட்லியின் அரசாங்கத்தில் மந்திரியாயிருந்த மு. திருச்செல்வத்தின் புதல்வர் நீலன், சந்திரிகாவின் அதிகாரப் பகிர்வுத் திட்டத்தை உருவாக்க உழைத்ததற்காக 1999 ஜூலை 29-ல் குண்டுக்கு இரையானார். வட மாகாண முஸ்லிம்கள், தமிழே பேசும் மக்கள், 1990 அக்டோபரில் சில தினங்களுக்குள் வெளியேறும்படி விரட்டப்பட்டார்கள். 2005-ல் ஜனாதிபதித் தேர்தலை வடக்குத் தமிழர் பகிஷ்கரிக்கும்படி புலிகள் செய்ய, இரண்டு லட்சத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் ரணில் தோற்று, மகிந்த ராஜபக்ஷ ஜனாதிபதியானார். பின் நடந்ததை உலகம் அறியும். கடும்போக்காளருக்குக் கடும்போக்காளரே துணை. இடையில் நின்றவர்கள் இரு தரப்பிலும் இல்லாமற் போனார்கள்.

வேறு விதமாக நடக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கனடாவைக் காட்டலாம். ஆங்கிலம் பேசுவோர் பெரும்பான்மையாகவும் பிரெஞ்சு பேசுவோர் கியூபெக்கில் அடர்ந்தும் வாழும் அந்நாட்டில், 1969-ல் பிரதமர் ட்ரூடோ இரு பாஷைகளுக்கும் சம அந்தஸ்து அளிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். மேற்கு மாகாணங்களில் எரிச்சல் மிகுந்திருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் ராபர்ட் ஸ்டான்பீல்டு ஒரு பாதயாத்திரை போயிருந்தால் கூட்டத்துக்குக் குறைவிருந்திராது. அவர் சட்டத்தை ஆதரித்தார். முன்னாள் பிரதமரான டீபன்பேக்கர் உட்பட அவருடைய கட்சியைச் சேர்ந்த 17 பேர் அவரை மீறி எதிர்த்து வாக்களித்தும் அவர் அசையவில்லை. 1972 தேர்தலில் அவர் கட்சிக்கு 107 இடங்கள், ட்ரூடோவின் கட்சிக்கு 109. பிரதமர் பதவிக்கும் அவருக்கும் இடையே இருந்தவை இரண்டே இடங்கள். இரண்டாண்டு கழித்து, இருமொழிக் கொள்கையை எதிர்த்துப் பிரசித்தி பெற்ற மாங்க்டன் நகர மேயர் கட்சியின் வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, ஸ்டான்பீல்டு அவருடைய நியமனத்தில் கையெழுத்திட மறுத்தார். அம்மேயர் சுயேச்சையாக நின்று ஜெயித்தார், ஸ்டான்பீல்டு மூன்றாம் முறையாகத் தோற்றார். அவர் பிரதமராகவே இல்லை. கியூபெக்கில் பிரிவினைக் கோரிக்கை எழுந்தது, இருமுறை பொதுவாக்கெடுப்பும் நடந்தது. ஆனால் அக்கேள்வியை வாக்குப் பெட்டியைக் கொண்டே தீர்த்துக்கொள்ள அவர்களால் முடிந்தது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே வரம்புக்குள் நின்றது அதற்கு ஒரு காரணம் அன்று என்று யார் சொல்வார்?

இலங்கையில் இப்போது புதியதொரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது. 2024 நவம்பர் தேர்தலில் அநுர குமார திசாநாயகாவின் தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159 இடங்களைப் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே முதலிடம் பெற்று மூன்று உறுப்பினர்களை அனுப்பியது. வடக்கும் தெற்கும் ஒரே கட்சிக்கு இவ்வாறு வாக்களித்ததை முன்னே கண்டவர் இல்லை. அக்கட்சியின் முதுகெலும்பான ஜனதா விமுக்தி பெரமுன, 1987 உடன்படிக்கையை ஆயுதம் ஏந்தி எதிர்த்தது; வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பைப் பிரிக்கும்படி 2006-ல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்று வென்றது. எதிரணியில் இருந்தபோது ஒரு சொல். பதவியில் இருக்கும்போது வேறு சொல் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் இவர்களுக்கும் வரும். வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்த பிறகு, ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மாகாண சபைகளுக்குத் தேர்தலும், அவற்றுக்குச் சாசனம் ஏற்கெனவே அளித்துள்ள காணி, போலீஸ் அதிகாரங்களும் என்றாவது ஒரு நாள் சபையில் மசோதாவாக வருமானால், அன்றைக்கு நான் பிரதமருடைய பேச்சைப் படிப்பதற்கு முன் எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசாவின் பேச்சைத் தேடிப் படிப்பேன். அவருடைய தந்தையார், 1987-ல் பிரதமராக இருந்துகொண்டே அந்த உடன்படிக்கையை ஏற்க மறுத்தவர். மகன் அன்று எழுந்து, இந்த மசோதாவுக்கு என் கட்சி வாக்களிக்கும், இதை வைத்து நான் ஒரு கிராமத்திலும் பிரசாரம் செய்ய மாட்டேன் என்று சொல்வாரானால், 1957 அக்டோபருக்குப் பின் கொழும்பில் எந்த எதிர்க்கட்சித் தலைவரும் சொல்லிக் காப்பாற்றாத சொல்லாக அது இருக்கும்.